பொட்டாசியம் குறைந்தால் உப்பைப் பிடித்துக்கொள்ளும் புரதம்

காரைக்குடிப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமும் பிரஷர் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்பதுதான் முதல் பதிலாக வரும். மோர்மிளகாயை ஒதுக்கியிருப்பார்கள். அப்பளத்தை நிறுத்தியிருப்பார்கள். உப்புக்கண்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெருமூச்சு விடுவார்கள். அறிவுரை சரியானது, அதில் எனக்கு மறுப்பே கிடையாது. என் ஆதங்கம் வேறு. சிறுநீரகம் உப்பை வைத்துக்கொள்வதா வெளியே விடுவதா என்று முடிவு செய்யும்போது, நாம் எவ்வளவு உப்பு தின்றோம் என்பதோடு நிற்பதில்லை. பொட்டாசியம் போதிய அளவு வந்திருக்கிறதா என்றும் பார்க்கிறது. வரவில்லை என்றால், உணவில் உப்பு மிகுதியாக இருக்கும்போதுகூட அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. இந்தக் கணக்கைப் பார்ப்பவை கைனேஸ் என்ற வகையைச் சேர்ந்த சில புரதங்கள். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் உடலியலில் தெரியவந்த செய்திகளில் நம் அடுப்படிக்கு இவ்வளவு அருகில் வந்து நிற்கும் வேறொன்றை நான் படித்ததில்லை. மருத்துவரின் அறையில் கிடைக்கும் சில நிமிடப் பேச்சுக்குள் இது வருவதில்லை. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். அயனி, அதாவது மின்சுமை ஏறிய அணு, என்ற சொல் இந்த ஊருக்குப் புதியதல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே அமைந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். எங்களுக்கு அது 'சிக்ரி'. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் தொழிலைப் பற்றி இந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தத் தொழிலில் இரண்டு மின்வாய்களுக்கும் நடுவே ஒரு சவ்வு இருக்கும். சோடியத்தைப் போக விடும், குளோரைடைத் தடுக்கும். காலையிலும் அதுதான், நள்ளிரவிலும் அதுதான். வகுப்பில் நான் முதலில் இந்தச் சவ்வைக் கரும்பலகையில் வரைவேன். பக்கத்திலேயே ஒரு செல்லின் சவ்வை வரைவேன். ஒரு மணி நேரம் முன்பு சோடியத்தை உள்ளே வாங்கிய அதே சவ்வு இப்போது வாங்க மறுக்கிறது. புரதங்கள் அதேதான், எண்ணிக்கையும் பெரிதாக மாறவில்லை. அப்படியானால் மாறியது எது என்று கேட்டுவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைப்பேன்.

பதிலுக்குப் போவதற்கு முன் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நம் இரத்தத்தில் ஒரு லிட்டருக்குச் சோடியம் ஏறக்குறைய 140 மில்லிமோல், பொட்டாசியம் 4. செல்லுக்குள்ளே இது தலைகீழ்: பொட்டாசியம் 140 அளவில், சோடியம் பத்துப் பதினைந்து. இந்த ஏற்றத்தாழ்வை ஓயாமல் காத்து நிற்பது சோடியம்-பொட்டாசியம் பம்பு. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியேற்றும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். நண்டின் கால் நரம்பில் இதைக் கண்டு 1957இல் எழுதியவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், அவருக்கு நோபல் பரிசு வந்தது. பம்பு உருவாக்கிக் கொடுக்கும் இந்தச் சரிவை வைத்துத்தான், சவ்வில் அயனிகளுக்கு வழிவிடும் மற்ற புரதங்களான கடத்திகளும் கால்வாய்களும் பிழைக்கின்றன. சோடியம் சரிவில் இறங்கும்போது குளோரைடையோ குளுக்கோஸையோ கூடவே இழுத்து வரும்.

இப்போது கைனேஸ். ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டவைக்கும் நொதிக்கு அந்தப் பெயர். பாஸ்பேட்டுக்கு எதிர்மின்சுமை உண்டு. அது வந்து உட்கார்ந்ததும் புரதத்தின் உருவம் சற்றே திரும்புகிறது, வேலை மாறுகிறது. அதைக் கழற்றி எடுக்கப் பாஸ்படேஸ் என்ற எதிர் நொதி இருக்கிறது. எங்கள் ஊர் வீடுகளின் தேக்குக் கதவை எந்தத் தச்சரோ எப்போதோ செய்து வைத்துவிட்டுப் போனார். இன்று அது திறந்திருக்கிறதா சாத்தியிருக்கிறதா என்பது தாழ்ப்பாளில் கை வைத்திருப்பவரைப் பொறுத்தது. கடத்திக்கும் கைனேஸுக்கும் உள்ள உறவு அதுதான். பாஸ்பேட்டை ஒட்டவும் எடுக்கவும் முடியும் என்பதையும், அதனால் நொதிகள் விழிக்கவும் உறங்கவும் செய்கின்றன என்பதையும் 1950களில் சியாட்டிலில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் காட்டினார்கள். 1992இல் நோபல் பெற்றார்கள். மனித உடலில் கைனேஸ் வகைகள் 500க்கும் மேல்.

இந்த இடத்தில் மாணவர்கள் வழக்கமாகக் குழம்புவார்கள். சோடியம்-பொட்டாசியம் பம்பும் தன் ஒவ்வொரு சுற்றிலும் ஏ.டி.பி.யின் பாஸ்பேட்டைத் தன் மேல் ஏற்றி இறக்குகிறது. அது அதன் ஓட்டத்தின் ஒரு பகுதி. ஓட்டத்துக்கான சக்தி அங்கேதான் கிடைக்கிறது. கைனேஸ் ஒட்டும் பாஸ்பேட் சக்தி கொடுப்பதற்காக வருவதில்லை. எவ்வளவு ஓட வேண்டும் என்று உத்தரவு சொல்ல வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

இதயத்தில் இது நொடிக்கு நொடி நடக்கிறது. பயந்தாலோ ஓடினாலோ அட்ரினலின் வருகிறது, செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி சொல்லும் மூலக்கூறு கூடுகிறது, புரதக் கைனேஸ்-ஏ விழிக்கிறது. அது ஃபாஸ்ஃபோலம்பான் என்ற சிறு புரதத்தின் மேல் பாஸ்பேட் வைக்கும். அதுவரை கால்சியம் பம்பை அழுத்திப் பிடித்திருந்த ஃபாஸ்ஃபோலம்பான் பிடியைத் தளர்த்தும். கால்சியம் விரைவாகத் தன் கிடங்குக்குத் திரும்பும், இதயத்தசை விரைவாகத் தளரும், அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும். துடிப்பு வேகமாகும்போது தளர்வும் வேகமாக வேண்டும் அல்லவா, இல்லாவிட்டால் இரத்தம் நிரம்ப நேரம் ஏது?

அதே புரதக் கைனேஸ்-ஏ குடலில் அளவு மீறினால் உயிர் போகும். வாந்தி பேதி என்று நம் பெரியவர்கள் பெயரைச் சொல்லவே அஞ்சிய காலரா அப்படித்தான் கொல்கிறது. காலராக் கிருமி குடல் செல்லைத் துளைத்து உள்ளே போவதில்லை. வெளியில் நின்றபடி ஒரு நச்சுப் புரதத்தைச் சுரக்கிறது. அப்படி ஒரு நஞ்சு இருக்கிறது என்பதை 1959இல் கல்கத்தாவில், வசதி குறைந்த ஓர் ஆய்வகத்தில், முயலின் குடலைக் கட்டிவைத்து நிரூபித்தவர் சம்புநாத் டே. அவருடைய பெயர் நம் பாடப்புத்தகங்களில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த நஞ்சு செல்லின் ஒரு சமிக்ஞைப் புரதத்தை நிறுத்தவே முடியாதபடி முடுக்கிவிடுகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறிக்கொண்டே போகிறது. புரதக் கைனேஸ்-ஏ, சி.எஃப்.டி.ஆர். என்ற குளோரைடு கால்வாயின் மேல் பாஸ்பேட்டை வைத்துத் திறந்துவிடுகிறது. கூடவே, சோடியத்தை உள்ளே வாங்கும் ஒரு கடத்தியை மட்டுப்படுத்துகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, சோடியம் அதன் பின்னால் போகிறது, தண்ணீர் இரண்டின் பின்னாலும் போகிறது. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரை போகலாம்.

ஆனால் குடலில் சோடியத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. குளுக்கோஸோடு சேர்ந்து உள்ளே வரும் வழி அது, அந்தக் கடத்தியை நஞ்சு தொடுவதில்லை. வெறும் தண்ணீர் குடித்தால் நிற்காத உடம்பில், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீர் நிற்பது இதனால்தான். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனபீஸ் என்ற மருத்துவர் இந்தக் கரைசலை டிரம்களில் கலக்கிக் கொடுத்தார். இருபது முப்பது சதவீதம் என்றிருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. உப்புப் போட்ட அரிசிக்கஞ்சியும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸ் ஆகிறது. இன்று கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சமையல் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 2.9 கிராம் சிட்ரேட் உப்பு. நான்காவதாக ஒன்று இருக்கும்: 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு. சோடியத்தைப் பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் பொட்டாசியம் இப்படி ஓரமாக வந்து நிற்கும், நாம்தான் அதைக் கவனிப்பதில்லை.

சிறுநீரகத்துக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காக.

ஒரு நாளில் நம் சிறுநீரகங்கள் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அந்த நீரில் கரைந்திருக்கும் சோடியம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ சமையல் உப்புக்குச் சமம். அதில் 99 சதவீதத்துக்கும் மேல் நுண்குழல்களில் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பெரும்பகுதி நுண்குழலின் தொடக்கத்திலேயே மீட்கப்படும். கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு சிறிய துண்டு இருக்கிறது. அங்கே மீள்வது ஐந்து முதல் பத்து சதவீதம்தான். ஆனால் இரத்த அழுத்தம் தீர்மானமாவதில் இந்தத் துண்டின் பங்கு அளவுக்கு மீறியது. அங்கே சோடியத்தையும் குளோரைடையும் ஒருசேர உள்ளே இழுக்கும் கடத்திக்கு என்.சி.சி. என்று பெயர். 'நீர் மாத்திரை' என்று நம் ஊரில் சொல்லும் தயாசைடு வகை மருந்துகள் அடைப்பது இதைத்தான். 1950களின் இறுதியிலேயே அந்த மருந்துகள் வந்துவிட்டன. அவை பிடிக்கும் கடத்தி எது என்று மரபணுவோடு தெரிந்தது 1993இல். தட்டையான ஒரு கடல் மீனின் சிறுநீர்ப்பையிலிருந்து ஹெரார்டோ காம்பாவும் ஸ்டீவன் ஹெபர்ட்டும் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

அந்தக் கடத்திக்கு உத்தரவு போடுவது யார்? 2000ஆம் ஆண்டில் டல்லாஸில் மெலனி காப் குழுவினர் ஒரு விந்தையான கைனேஸைக் கண்டார்கள். எல்லாக் கைனேஸ்களிலும் ஒரே இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் இதில் அந்த இடத்தில் இல்லை, வேறிடத்திலிருந்து அந்த வேலையைச் செய்தது. அதை வைத்தே டபிள்யூ.என்.கே. ('வித் நோ கே'; கே என்பது லைசினின் குறியீடு) என்று பெயரிட்டார்கள். அது எதற்கு உதவுகிறது என்பது அப்போது தெரியாது. அடுத்த ஆண்டே, 2001இல், யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லிஃப்டன் குழு விடை சொன்னது. கார்டன் நோய்க்குறி என்ற அரிய பரம்பரை நோய் ஒன்று உண்டு. அந்தக் குடும்பங்களில் இரத்த அழுத்தம் அதிகம், இரத்தத்தில் பொட்டாசியமும் அதிகம், தயாசைடு கொடுத்தால் இரண்டும் இறங்கிவிடும். அவர்களிடம் பழுதாகியிருந்தவை டபிள்யூ.என்.கே. 1, 4 என்ற இரண்டு கைனேஸ்களின் மரபணுக்கள். 2012இல் மேலும் இரண்டு மரபணுக்கள் சேர்ந்தன. அவை இந்தக் கைனேஸ்களை அவ்வப்போது அழித்து அளவோடு வைத்திருக்கும் புரதங்களுடையவை. அழிப்பது நின்றால் கைனேஸ் குவிகிறது, என்.சி.சி. ஓயாமல் உப்பை இழுக்கிறது. இதற்கு நேரெதிர் கிட்டல்மன் நோய்க்குறி: அங்கே என்.சி.சி.யே பழுது. அழுத்தம் தாழ்ந்திருக்கும், பொட்டாசியமும் தாழ்ந்திருக்கும். இரண்டு நோய்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தபோதுதான் சங்கிலி முழுமையாக விளங்கியது.

சங்கிலி இப்படிப் போகிறது. டபிள்யூ.என்.கே. நேராக என்.சி.சி.யைத் தொடுவதில்லை. நடுவில் ஸ்பாக் என்ற இன்னொரு கைனேஸ் இருக்கிறது. டபிள்யூ.என்.கே. ஸ்பாக்கின் மேல் பாஸ்பேட் வைக்கும், ஸ்பாக் என்.சி.சி.யின் மேல் வைக்கும், என்.சி.சி. சுறுசுறுப்பாகும். அப்படியானால் டபிள்யூ.என்.கே.வுக்கு யார் சொல்வது? 2014இல் அதன் படிக அமைப்பை ஆராய்ந்தபோது, அதன் செயல்படும் மையத்துக்கு அருகே ஒரு குளோரைடு அயனி அமர்ந்திருப்பது தெரிந்தது. குளோரைடு அங்கே இருக்கும்வரை கைனேஸ் தன்னைத்தானே முடுக்கிக்கொள்ள முடியாது. செல்லுக்குள் குளோரைடு குறைந்தால் அந்த இடம் காலியாகும், கைனேஸ் எழுந்துவிடும். உப்பைக் கடத்தும் புரதத்தை ஆளும் நொதி, உப்பின் ஒரு பாதியான குளோரைடைத் தானே தொட்டு அறிகிறது. முதன்முதல் அந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. இவ்வளவு சிக்கனமான ஓர் ஏற்பாட்டை எந்தப் பொறியாளரால் வரைந்திருக்க முடியும்!

பொட்டாசியம் நுழைவது இங்கேதான். நாம் பொட்டாசியம் குறைவாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் அது சற்று இறங்கும். அந்த நுண்குழல் செல்லின் இரத்தப் பக்கத்துச் சவ்வில் ஒரு பொட்டாசியம் கால்வாய் இருக்கிறது. வெளியே பொட்டாசியம் குறைந்ததும் அதன் வழியாக உள்ளிருப்பது கூடுதலாகக் கசியும், செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின் தன்மை அடையும். எதிர்மின்சுமை உள்ள குளோரைடுக்கு அங்கே இருப்புக்கொள்ளாது; அது வெளியேறும். குளோரைடு போனதும் டபிள்யூ.என்.கே. எழும், ஸ்பாக் எழும், என்.சி.சி. உப்பை இழுக்கும். ஏன் இந்த ஏற்பாடு? நுண்குழலின் அடுத்த பகுதியில், சோடியம் வந்து சேர்ந்தால் அதை எடுத்துக்கொண்டு பதிலுக்குப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் விடும் வழக்கம் இருக்கிறது. சோடியத்தை முன்னமேயே பிடித்துவிட்டால் அங்கே போய்ச் சேர எதுவும் இருக்காது, பொட்டாசியம் மிஞ்சும். ஆக, பொட்டாசியத்தைக் காப்பாற்ற உடல் சோடியத்தைப் பிடித்து வைக்கிறது. அதற்கான விலையை இரத்த அழுத்தமாக நாம் கட்டுகிறோம்.

காயும் கிழங்கும் கீரையும் தின்று, உப்பு அரிதாகக் கிடைத்த காலத்தில் உருவான உடல் இது. பொட்டாசியம் தட்டுப்பாடும் சோடியம் பெருக்கும் ஒரே தட்டில் வரும் என்று அது எதிர்பார்க்கவில்லை. இப்போது நம் தட்டில் வருவது அதுதான். எலிகளில் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது: சாதாரணமாக உப்பு மிகுந்த தீனி கொடுத்தால் என்.சி.சி. அடங்க வேண்டும், பொட்டாசியத்தைக் குறைத்துவிட்டு உப்பைக் கூட்டினால் அது அடங்கவில்லை, அழுத்தம் ஏறியது. மாறாக, பொட்டாசியத்தை வாய்வழியே கொடுத்தால் எலியில் அரை மணி நேரத்துக்குள் என்.சி.சி.யின் மேலிருந்த பாஸ்பேட் கழன்றுவிடுகிறது.

இனி என் அப்பத்தாளைப் பற்றிச் சொல்கிறேன். கோட்டையூரில் பெரிய வளவு வீட்டில் பெரும்பாலும் தனியாக இருப்பவர். பிரஷருக்குப் பல ஆண்டுகளாக நீர் மாத்திரை. சர்க்கரை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் பழத்தை விட்டார். ஒரு ஆளுக்காக எதற்கு என்று கீரை ஆய்வதை விட்டார். பல் போனதால் காயைக் குழைய வேகவைத்துத் தண்ணீரை வடித்து ஊற்றினார். மூன்று வேளையும் சோறோ கஞ்சியோ, தொட்டுக்கொள்ள ஏதோ ஒரு துளி. உப்பையும் உண்மையாகவே குறைத்திருந்தார். அழுத்தம் மட்டும் இறங்கவில்லை. இரவில் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது, எழுந்து நடக்கவே வலுவில்லாமல் போனது. "ஏன் ஆத்தா, நான்தான் உப்பே தொடுவதில்லையே, பிறகு எதற்கு ஏறுகிறது?" என்று என்னிடம் கேட்டார். இரத்தப் பரிசோதனை செய்ததில் பொட்டாசியம் 2.9 என்று வந்தது. 3.5க்குக் கீழே போகக் கூடாது. அதற்கு முந்தைய சீட்டுகளைத் தேடிப் பார்த்தேன்; சர்க்கரை பார்த்திருக்கிறார்கள், கொழுப்பு பார்த்திருக்கிறார்கள், பொட்டாசியத்தை நெடுங்காலமாக யாருமே பார்க்கவில்லை.

நடந்தது என்னவென்று இப்போது உங்களுக்கே புரியும். தயாசைடு என்.சி.சி.யை அடைத்தது. மீட்கப்படாத சோடியம் அடுத்த பகுதிக்குப் போய்ப் பொட்டாசியத்தை வெளியேற்றியது. உணவிலிருந்தும் பொட்டாசியம் வரவில்லை. அது இறங்க இறங்க டபிள்யூ.என்.கே. எழுந்து, மருந்துக்கு எதிராக, என்.சி.சி.யை மேலும் மேலும் முடுக்கியது. மருந்து ஒரு பக்கம் இழுக்க, கைனேஸ் மறுபக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. புதிதாகப் பார்த்த மருத்துவர் சிறுநீரகம் நன்றாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, மாத்திரையை மாற்றினார், பொட்டாசியம் கொடுத்தார், உணவைத் திருத்தச் சொன்னார். கால் இழுப்பு முதலில் நின்றது. அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கியது.

ஒருவருடைய அனுபவத்தை வைத்து ஊருக்குச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஊர் அளவில் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரைச் சேர்த்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள், அல்லது அறுபது வயதைத் தாண்டிய இரத்த அழுத்தக்காரர்கள். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மீதிக் கிராமங்களுக்கு நான்கில் மூன்று பங்கு சோடியம் குளோரைடும் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். 2021இல் முடிவு வந்தது: கலப்பு உப்பு பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, இறப்பும் குறைவு. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, உப்பு டப்பாவை மாற்றியதோடு சரி. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது.

இங்கே இந்துப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். பிரஷருக்கு நல்லது என்று கூடுதல் விலை கொடுத்து இளஞ்சிவப்பு நிறக் கல்லை வாங்கி வைத்திருக்கும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன். சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் அந்த உப்பில் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கணக்கில் வராத அளவே இருக்கிறது. கல்லுப்பும் அப்படியே. கைனேஸ் நிறத்தைப் பார்ப்பதில்லை.

உப்புக்கும் எங்கள் மண்ணுக்கும் உறவு பழையது. 17ஆம் நூற்றாண்டில் பழனிக்கு உப்பு விற்கப் போன நகரத்தார் ஒருவர் லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு வைத்தார் என்பது மரபு. இன்றும் தைப்பூசத்துக்குக் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியோடு நடந்து போகிறார்கள். வழியில் கொடுக்கும் நீர்மோரில் சோடியமும் பொட்டாசியமும் உண்டு. பானகத்தின் வெல்லத்தில் குளுக்கோஸ் உண்டு. நடையில் வேர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரைவிட இவை மேல். ஆனால் நடப்பவர்களில் பலர் இப்போது நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். வேர்வையிலும் போய், மாத்திரையாலும் போனால் இரண்டு உப்புகளுமே ஆபத்தான அளவுக்குத் தாழ முடியும். கிளம்புவதற்கு முன் மருத்துவரைக் கண்டு, நடக்கும் நாட்களில் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். இதை ஒவ்வொரு தை மாதமும் என் உறவினர்களிடம் சண்டை போட்டுச் சொல்கிறேன்.

உணவுக்கு வந்தால், நம்மிடம் இல்லாதது எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, குறைந்தது 3.5 கிராம் பொட்டாசியம். ஒரு வாழைப்பழத்தில் 400 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். முருங்கைக்கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, சேனை, மொச்சை, தட்டைப்பயறு, இளநீர், மோர் எல்லாவற்றிலும் உண்டு. இவை நம் பாட்டிமாரின் அன்றாடச் சமையல். விருந்துச் சமையலை மட்டும் செட்டிநாட்டுச் சமையல் என்று உலகம் தெரிந்துகொண்டதால், வெண்டைக்காய் மண்டியும் கீரை மசியலும் நம் வீட்டிலேயே பின்னுக்குப் போய்விட்டன என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. காய் வெந்த தண்ணீரில் பொட்டாசியம் இறங்கிவிடும். அதைக் கொட்டாமல் குழம்பிலோ ரசத்திலோ சேர்த்துவிட்டால் போதும்.

இதை எல்லாருக்கும் சொல்ல முடியாது என்பதுதான் இதில் கடினமான பகுதி. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் வெளியேறாது. இரத்தத்தில் அது 6, 7 என்று ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடக்கூடும். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்கள், 'பிரில்' என்று முடியும் பெயர்களும் 'சார்ட்டன்' என்று முடியும் பெயர்களும் கொண்ட அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்கள் எல்லாருக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. அவர்கள் கடையில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பைத் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. சிறுநீரக நோயாளிக்கு மருத்துவரே காயை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டச் சொல்வார். அப்பத்தாளுக்குக் கேடாக இருந்த அதே பழக்கம் அவருக்கு மருந்து.

எனவே உப்பு டப்பாவை மாற்றலாமா என்று என்னிடம் கேட்பவர்களை நான் முதலில் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறேன். இரண்டு எண்கள் வேண்டும்: சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின், பொட்டாசியம். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துப் போய், மூன்றையும் மருத்துவர் முன்னால் வைத்து, "எனக்குப் பொட்டாசியம் கூட்டலாமா?" என்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன்.